அம்மாவின் இருமலும் இரண்டாவது மெஷினும்

கரா-பல்தா,
பிப்ரவரி 11

அன்பு மகள் பெகாயிமுக்கு, அப்பா எழுதுவது. இங்கே பனி முழங்கால் வரை கிடக்கிறது, அடுப்பை அணைக்கவே முடியவில்லை, நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நடமாடுகிறோம், அந்த அளவுக்கு நலம். அங்கே இன்ச்சோனில் நீயும் மருமகனும் குழந்தையும் சுகமாக இருப்பதை ஞாயிறுதோறும் கைபேசியில் பார்க்கிறேன், அதுதான் எனக்கு நிம்மதி. அதில்தான் பேசுகிறோமே, பிறகு கடிதம் எதற்கு என்று கேட்பாய். நாம் பேசும்போதெல்லாம் உன் அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், இருமல் வந்தால் டீ வைக்கப் போகிறேன் என்று எழுந்துவிடுகிறாள். அவள் எதிரில் சொல்ல முடியாததை எழுதி, அடுத்த வாரம் கொரியா வரும் பக்கத்து வீட்டு நாஸ்கியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அம்மாவுக்கு இருப்பது சளி இல்லை. நவம்பரில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். இவங்க என்ன வேலை பாக்குறாங்க என்று கேட்டார். மரப் பட்டறையில் நான் அறுக்கிறேன், பதினெட்டு வருஷமாக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இவள்தான் என்றேன். அத்தனை வருஷமும் தூசியக் குடிச்சிருக்காங்க, இனிமே அந்தத் தூசியில ஒரு மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் உன் அம்மா, வேலைக்குப் போறப்ப மூச்ச யார்கிட்ட குடுத்துட்டுப் போறதாம் என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோடையில் கதவைத் திறந்து போட்டு வேலை செய்வோம், உனக்கே தெரியும். குளிர்காலத்தில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு அந்த மாவு மாதிரித் தூசிக்குள்ளேயே நிற்போம். பள்ளிக்கூடத்துக்கு அலமாரிக் கதவு நாற்பது செய்ய ஒப்புக்கொண்டிருந்தேன், எல்லாம் மரநாரைப் பசை போட்டு அழுத்திய எம்.டி.எஃப் பலகை, அந்தத் தூசி இன்னும் மோசம்.

சரி, தூசி உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கிவிட்டால் அவள் தேய்த்துக்கொண்டே இருக்கலாம் என்று நான் மட்டும் சந்தைக்குப் போனேன். கடைக்காரன் இருப்பதிலேயே பெரிய டிரம் வைத்ததைக் காட்டி, அண்ணே இது குதிரையவே இழுத்துரும் என்றான். நானும் எத்தனை வாட்ஸ், எத்தனை லிட்டர் என்று மட்டும் பார்த்தேன், உள்ளே என்ன வடிகட்டி இருக்கிறது என்று கேட்கவில்லை. கொண்டுவந்து போட்டதும் தரையில் ஒரு மரச்சுருள்கூட இல்லை, எனக்குப் பெருமை. ஆனால் இருமல் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் சலித்துப்போய், அதான் மெஷின் வாங்கியாச்சே, இன்னும் ஏன் இருமுற என்று கேட்டுவிட்டேன். எதற்காக அப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

அவள் வீட்டுக்குள் போய் வந்தாள். வெள்ளைத் தலையணை உறை ஒன்றை நனைத்துப் பிழிந்து, மெஷினில் காற்று வெளியே வரும் இடத்தில் கட்டினாள். ஒரு கதவைத் தேய்த்து முடித்ததும் அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். துணி பழுப்பாக இருந்தது. குதிரைய இழுக்குதோ என்னமோ, முன்னால இழுத்தத பின்னால எம்மூஞ்சியிலயே ஊதுது என்றாள். பெரிய தூள்தான் டிரம்மில் தங்குகிறது, நைஸ் தூசி வடிகட்டியில் நிற்காமல் பட்டறை முழுக்கச் சுற்றியிருக்கிறது. முன்பாவது கொஞ்சம் தரையில் படிந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் நானே அவள் மேல் ஊதியிருக்கிறேன்.

இரண்டாவது தடவை பிஷ்கெக்குக்கு இருவருமாகப் போனோம். பையில் உப்புத்தாள் மாட்டும் நம் தேய்ப்பு மெஷின், ஒரு துண்டுப் பலகை, அந்தத் தலையணை உறை. முதல் கடையில் குழாய் நம் மெஷினின் வாயில் பொருந்தவே இல்லை, டேப் சுற்றிக்கோங்க என்றார்கள், வந்துவிட்டோம். அடுத்த கடையில் துணியைக் கட்டியதும் அங்கிருந்த பையன்கள், அக்கா துணி துவைக்க வந்தீங்களா என்றார்கள். துவைக்க இல்ல தம்பி, உங்க மெஷின் பொய் சொல்லுதான்னு பாக்குறேன் என்றாள். பார்த்தாள், பொய்தான் சொன்னது. மூன்றாவது கடையில் இருந்தது சின்னது, வாட்ஸும் குறைவு. உள்ளே வடிகட்டி பாவாடை மடிப்பு போலக் கொசுவிக் கொசுவி இருந்தது. தேய்ப்பு மெஷினின் பிளக்கை அதிலேயே சொருகினால் அது ஓடும்போது இதுவும் ஓடுகிறது, நிறுத்திய பிறகும் குழாயில் மிச்சம் இருப்பதை இழுத்துவிட்டுத்தான் நிற்கிறது, அடைத்துக்கொள்ளாமல் வடிகட்டியைத் தானே உதறிக்கொள்கிறது. துணி வெள்ளையாகவே இருந்தது. டிரம் சின்னதா இருக்கே, தினமும் கொட்டணுமே என்றேன். கொட்டப்போறது நீங்கதானே, எனக்கென்ன என்றாள்.

போன வாரம் மறுபடி படம் எடுத்தோம். குறையவில்லை, கூடவும் இல்லை. இது நல்ல சேதி என்கிறார் டாக்டரம்மா. நல்ல சேதி இவ்வளவுதானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நல்ல மெஷின் வந்தாலும் அவள் பட்டறைக்குள் போகக் கூடாது என்றுதான் அவர் சொல்கிறார், நெஞ்சுக்குள் போன தூசி இனி வெளியே வராதாம். அவள் தேய்த்துவிட்டு வந்து தலைத்துணியை உதறுவதைப் பதினெட்டு வருஷம் பார்த்திருக்கிறேன் மகளே, கதவைத் திறந்து வை என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ அழைக்கும்போது அவளிடமே நேராகக் கேள். திட்டாதே, ஓடியும் வராதே, கேட்டால் போதும்.

இப்போது நான்தான் தேய்க்கிறேன். அவள் கை போல எனக்கு வரவில்லை, தோள் விட்டுப்போகிறது. அவள் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு பட்டறை ஜன்னலுக்கு வெளியே பனியில் நிற்கிறாள். நான் விட்டுவிட்ட இடத்தைக் கண்ணாடியைத் தட்டிக் காட்டுகிறாள். வீட்டுக்குள் போ என்று கையை ஆட்டுகிறேன், போவதில்லை. மெஷின் சத்தத்தில் அவள் சொல்வது எதுவும் காதில் விழாது. வாய் அசைவதைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன், அங்க இல்ல, கீழ, இன்னும் கீழ. நேற்று முப்பத்தொன்றாவது கதவு முடிந்தது.

உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கக் கை ஏந்தி வேண்டிக்கொள்கிறேன். உன் ஃபேக்டரியில் கொடுக்கும் முகமூடியைக் கழுத்தில் தொங்கவிடாமல் மூக்கில் போடு, வியர்க்கிறது என்று கழற்றாதே.

உன் அப்பா,
சதார்குல்