இடது முழங்காலின் கோடு

டேய்,

நீ விட்டுப்போன பெட்டியை இன்று திறந்தேன். சென்சார் பட்டைகளில் இன்னும் ஏலச்செடியின் பச்சை வாசனை. வாளையார் ரோட்டில் உன் பைக் சறுக்கி, நீ போய் எட்டு மாதம். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், அது பொறாமை.

அன்று நம் ஆய்வுக்காக, சாந்தன்பாறையில் ஏலக்காய் எடுக்கப் போகுமுன் என் அம்மா அந்தப் பட்டைகளைத் தொடையிலும் கெண்டைக்காலிலும் கட்டிக்கொண்டாள். "ஆட்டக்காரி சலங்க கட்டுற மாதிரில்ல இருக்கு" என்று சிரித்தாள். அவள் முழங்கால்கள் மடங்குவது கம்பியில்லாமல் என் லேப்டாப்புக்கு வந்தது, இரண்டு கோடுகளாக.

இடது கோடு ஏறவே இல்லை.

"சரிவுடா. பள்ளத்துப்பக்கக் கால் நீண்டுதான் நிக்கும்" என்றேன். நான் மலையில் பிறந்தவன். சித்தூர்ச் சமவெளிக்காரன் உனக்கென்ன தெரியும்? புரோகிராமில் திருத்தம் ஒன்று எழுதினேன். இரண்டு கோடும் அழகாக ஒட்டிக்கொண்டன.

நீ திரையைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாய். "செடியச் சுத்தி வர்றாங்களே. அந்தப் பக்கம் போனா பள்ளம் வலது காலுக்கு வரோணுமல்லோ? அப்பவும் இடதுதான் மடங்கல" என்றாய். நேராக அவளிடமே போனாய்.

"ஏனுங்கம்மா, இடது முட்டி வலிக்குதுங்களா?"

"மூணு வருசமா வலிக்குது தம்பி. குத்தவச்சா எந்திரிக்க முடியல. இவன்கிட்ட சொல்லிராதீங்க."

நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். அந்த மூன்று வருடமும் லீவுக்கெல்லாம் வீட்டுக்கு வந்தவன் நான். நீ வந்து இரண்டு நாள்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனது நான். ஆனால் தோட்டக் குடியிருப்பான லயம் முழுக்க, "அந்தச் சித்தூர்த் தம்பி கண்டுபிடிச்சிருச்சு" என்றுதான் சொன்னாள். உன் தட்டில் கூடுதலாக ஒரு மீன் துண்டு. அன்று முழுக்க நான் உன்னோடு பேசவில்லை. நீ அதைக் கவனிக்கக்கூட இல்லை, மறுசோறு கேட்டாய்.

போன வாரம் படியேறும்போது அவள் சுவரைப் பிடித்தாள்.

"வலிக்குதா?"

"இல்லையே."

"அவன்கிட்ட மட்டும் சொன்ன?"

"அவன் கேட்டுட்டு நின்னான்டா. நீ கேக்கும்போதே செருப்ப மாட்டுற."

செருப்பைக் கழற்றினேன். படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இப்ப இதுவும்டா" என்று வலது முட்டியைத் தொட்டுக் காட்டினாள்.

இதை முதலில் அறிந்தவன் நான். இது மட்டும் உனக்கில்லை.