ரெஜியின் ஆறு புத்தகங்கள்

மார்ச் 2, திங்கள்

காலையிலேயே வெயில். காற்றே இல்லை. தம்பியின் படுக்கை விரிப்பு, துவாய் எல்லாம் தோய்த்தாயிற்று. நான் படிப்பிக்கும் பாலர் பாடசாலைக்கு அரை நாள் லீவு.

தம்பி ஜூட் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்தாம் நாள். கடலட்டைக்குச் சுழியோடப் போனவன், ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கூடப் போன கூட்டாளி ரெஜி செத்துப்போனான். அதை இவனுக்கு இன்னும் சொல்லவில்லை. இப்போதைக்கு அதிர்ச்சி வேண்டாம் என்று டொக்டர் சொன்னதை அம்மா திருவசனம் போலப் பிடித்துக்கொண்டார். ரெஜி கொழும்பில் சிகிச்சையில், ஃபோனில் கதைக்க ஏலாது. இதுதான் எங்கள் வீட்டுப் பொய். எனக்கும் பாடமாகிவிட்டது.

சனிக்கிழமை ரெஜியின் முப்பத்தோராம் நாள் பூசை. ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பார்கள். கோயிலுக்கும் எங்களுக்கும் நடுவில் இரண்டே வளவு. அதற்குள் சொல்லவேண்டும். யார்? நான்தான், வேறு யார்.

மார்ச் 3, செவ்வாய்

அப்பக்காரி வரவில்லை. காலைச் சாப்பாடு பாண்.

ஜூட் திடீரென்று புத்தகம் கேட்டான். ஓ.எல். சோதனை எழுதியபின் பேப்பர்கூடத் தொடாதவன். ரெஜிதான் புத்தகப் பைத்தியம். ‘கருமுகில் நாடு’ என்று ஆறு பாகம், மந்திரவாதி, பறக்கும் பாம்பு. வள்ளத்தில் அதே கதைதானாம். அதை வாங்கி வந்து வாசித்துக் காட்டட்டாம்.

“எதில தொடங்கிறதெண்டு நிர்மலாவைக் கொண்டு அவனட்டக் கேட்பியோ, அக்கா?”

ஓம் என்றேன். வாய் முந்திவிட்டது.

ரெஜியின் மனைவி நிர்மலா அரிசிப் பையில் போட்டுத் தந்தாள். ஒழுங்கு அவளுக்கும் தெரியாது. வாசல்வரை வந்து சொன்னாள்: “என்ர மனுசன் சுகமாகி வருவார் எண்டு ஒரு ஆள் பாத்துக்கொண்டிருக்கிறார். அதை என்னால தாங்க ஏலாது அக்கா. நீங்கள் சொல்லாட்டி நான் வந்து சொல்லுவன்.”

மார்ச் 4, புதன்

வெயில் கொளுத்துகிறது. வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்குத் தடிமன், மூக்கு வடிகிறது.

இடைவேளையில் புரட்டியது:
1, 2, 3: ஒரே கதை. சண்டை, மகுடம், சண்டை.
4: அதற்கு நூறு வருடம் முந்திய கதை.
5: மெல்லிசு. ஒரு ஓடக்காரன் மட்டும். மற்றதோடு ஒட்டவில்லை.
6: முடிவு.

இணையத்தில் பார்த்தால் வெட்டுக்குத்து. வெளிவந்த ஒழுங்கு என்று ஒரு கட்சி, கதை நடந்த ஒழுங்கு, அதாவது நாலாவது முதலில், என்று மற்றது. எங்கள் மீனவர் சங்கக் கூட்டம் இதைவிட மரியாதை. ஒன்றுக்குப் பிறகுதானே இரண்டு! ரீச்சர் மூளை, முடிவு எடுத்தாயிற்று.

பின்னேரம் ஜூட்டிடம், ரெஜி சொல்லியனுப்பினவனாம் என்றேன். முகம் அப்படியே மலர்ந்தது. தலையைத் தூக்கி, “அவனே சொன்னவனோ?” என்றான். ஓம், ஒன்றிலிருந்து தொடங்கட்டாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். களைப்பாக்கும்.

30 பக்கம். பதினேழு ராசாக்கள், எல்லார் பெயரும் மருந்துப் பெயர் மாதிரி.

மார்ச் 5, வியாழன்

40 பக்கம். அவன் கேட்கவேயில்லை. கேட்காத முகம் எனக்குத் தெரியும், தினமும் இருபது முகம் பார்க்கிறேன்.

அம்மாவோடு சண்டை. உயிர்த்த ஞாயிறுவரை சொல்லவேண்டாமாம். பூசையில் பெயரை வாசிக்காமல் விடச் சொல்லிப் பங்குச் சுவாமியைக் கேட்கப் போகிறாராம். செத்தவனுக்குப் பெயர் இல்லாத பூசையா? நிர்மலா முன்வரிசையில் இருந்து அதைக் கேட்கவா? கத்திவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. பயமும்.

மார்ச் 6, வெள்ளி

கறி: பருப்பு, முருங்கைக்காய். அம்மா மாலையில் சிலுவைப்பாதைக்குப் போனார். வீட்டில் நானும் ஜூட்டும்தான்.

புத்தகத்தை மூடினேன். “தம்பி, ரெஜி…” என்று தொடங்கினேன்.

“அவன் ஒண்டில தொடங்கச் சொல்லமாட்டான் அக்கா.”

வள்ளத்தில் நூறு தரம் சொல்லியிருக்கிறானாம், முதலில் ஐந்தாவதுதான் என்று. ஓடக்காரனைப் பிடித்தால் மற்றதெல்லாம் வாசி, பிடிக்காவிட்டால் தொடாதே என்பானாம்.

அப்படியென்றால் புதன்கிழமையே தெரியுமா என்றேன். தண்ணீருக்குள் ரெஜியின் கை சோர்ந்ததைப் பார்த்தவனாம். இழுத்தானாம், ஏலவில்லையாம். விட்டுவிட்டு மேலே வந்தானாம். பிறகு ஆஸ்பத்திரியில் ஒருவரும் செத்துவிட்டான் என்று சொல்லாதபடியால், வேறு வள்ளக்காரர் தூக்கியிருப்பார்களோ என்று ஒரு எண்ணம். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் புத்தகம் கேட்டானாம்.

“அவன் சொல்லியனுப்பினவன் எண்டு நீ சொல்லேக்க எனக்குச் சீவன் வந்தது அக்கா. பிறகுதான் என்ன சொன்னவன் எண்டு சொன்னாய்.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் அழவில்லை. நாளைப் பூசைக்கு வரவேண்டுமாம். அவனைக் கதிரையில் இருத்தித் தூக்க நாலு பேர் வேண்டும்.