ஐம்பத்தெட்டாம் நாள்

திருவான்மியூர்,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

மஸ்கட்டில் இருக்கும் என் மச்சான் சைஃப் அவர்களுக்கு, ஹானி ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் நம் மகள் ரூஹியும் நலம். உங்கள் முதுகுவலியைப் பற்றிப் போனில் கேட்டால், "அது கெடக்குது" என்று பேச்சை மாற்றுகிறீர்கள்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று சிரிப்பீர்கள். போனில் நான் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் நாலு யோசனை சொல்லிவிடுவீர்கள். போதாததற்கு உங்கள் அறையில் ஐந்து பேர். ஷஃபியுல்லா அண்ணன் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறார். அவர் கையில் எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். முழுதும் படிக்காமல் அந்த வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னும் இரண்டு வருஷத்துக்கு, மாதக் கடைசிக்குள் போட வேண்டும் என்றீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பெருநாளன்று ரூஹி புதுச் சட்டையோடு நின்று ஸூரத்துல் இக்லாஸைப் பிழையில்லாமல் ஓதினாள். உங்களுக்கு அனுப்ப வீடியோ எடுக்கப் போனால் போனில் இடமில்லை. படமெல்லாம் கிளவுடில் ஏறிவிடும்படி கீழ்வீட்டுத் தாரணி போன வருஷமே செய்துகொடுத்திருந்தாள். மேலே பத்திரமாக இருக்கிறதே, கீழே எதற்கு என்று, நான் ஆரி வேலை செய்த ரவிக்கைகளின் படங்கள் அத்தனையையும் அழித்துவிட்டேன். நாலு வருஷத்து உழைப்பு, ஆயிரம் படங்களுக்கு மேல். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் நீங்கள் அழுதீர்கள்.

அப்புறம் நான் அந்தக் கிளவுட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை தி.நகரில் கல்யாணப் புடவைக் கடை வைத்திருக்கும் அம்மா கூப்பிட்டார். "வியாழக்கிழமை உன் டிசைன் எல்லாத்தையும் கொண்டா. பிடிச்சிருந்தா வருஷம் முழுக்க எங்க ரவிக்கை வேலை உனக்குத்தான்" என்றார். ஆசையோடு திறக்கிறேன், காலி! ரவிக்கைகளோ மணப்பெண்களோடு ஊர் ஊராகப் போய்விட்டன, திரும்பப் படம் பிடிக்கவும் வழியில்லை. என்னோடு தைக்கும் சிம்ரா எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, மேல கீது மேல கீதுன்னு சொல்லிக்கினு இருந்தியே, அங்கயும் ஒன்னியும் காணோமே" என்றாள். அடுத்த நிமிஷம் அவளே அழுதுவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தாரணி ஆபீஸிலிருந்து வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். கிளவுட் என்றால் வானத்தில் இல்லையாம் மச்சான். எங்கோ பெரிய கட்டடத்தில் கம்ப்யூட்டர்களை வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்களாம். நம் ஜமாஅத்தில் இருக்கும் பிரியாணி தேக்சாவை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் வீட்டுக்கு வீடு அவ்வளவு பெரிய தேக்சா வாங்கி வைப்பதில்லை. ஜமாஅத்தே கழுவி, ஈயம் பூசி, ஒரே இடத்தில் பூட்டி வைக்கிறது. கல்யாணம் வந்தால் பேரைச் சொல்லி எடுத்துக்கொள்கிறோம். இதுவும் அப்படித்தானாம். மெஷின் அவர்களுடையது, காவலும் அவர்களுடையது. நாம் பாஸ்வேர்டைப் போட்டு, வேண்டிய மட்டும் பயன்படுத்திக்கொள்கிறோம்.

அப்படியென்றால் என் படங்களை ஏன் தூக்கி எறிந்தார்கள் என்று அவளிடமே சண்டைக்குப் போனேன். "அவங்க எறியலக்கா, நீங்கதான் எறிஞ்சீங்க. போனையும் அதையும் சேர்த்து வெச்சிருக்கு. இங்க அழிச்சா அங்கயும் போயிடும்" என்றாள். ஆனால் அழித்ததை அறுபது நாள் குப்பைக்கூடையில் வைத்திருந்துதான் எறிவார்களாம். விரல் விட்டு எண்ணினோம். பெருநாளிலிருந்து அன்றைக்கு ஐம்பத்தெட்டு நாள்! அவள் ஏதோ தட்டினாள். ஒவ்வொரு ரவிக்கையாகத் திரும்பி வந்தது. தாரணியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நேற்று தி.நகர் போனேன். மயில்கழுத்துப் பச்சையில் தாமரை போட்டிருந்தேனே, அதை அந்த அம்மா மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தார். ஆர்டர் நமக்குத்தான், அல்ஹம்துலில்லாஹ். இனி அவர் கடையில் அளவைத் தட்டினால் அந்த நொடியே என் போனில் தெரியும். அந்தப் பட்டியலும் அப்படியொரு கட்டடத்து மெஷினில்தான் இருக்கிறதாம். இந்தத் தடவை படங்களைத் தனியாகப் பென்டிரைவிலும் எடுத்து பீரோவில் வைத்துவிட்டேன். சூடு கண்ட பூனை அல்லவா நான்.

இனிதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம். அந்த மெஷின்கள் சூடாகிக்கொண்டே இருக்குமாம். "ராப்பகலா குளிர் காத்து ஓடணும்க்கா, ஏசி தெரிஞ்ச ஆளுங்களைத் தேடிக்கிட்டே இருக்காங்க" என்றாள் தாரணி. சிறுசேரிப் பக்கம் அப்படியொரு கட்டடம் இருக்கிறதாம், இங்கிருந்து ஒரே பஸ். பதினோரு வருஷம் ஏசி வேலை பார்த்தவர் நீங்கள். விண்ணப்பத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள், இதோடு வைத்திருக்கிறேன். கிடைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சம்பளமும் அங்கே போல இருக்காது. என் ஆர்டர் இருக்கிறது, சமாளித்துவிடலாம்.

பொருள் எங்கே இருந்தால் என்ன, வேண்டும்போது கைக்கு வந்தால் போதும் என்கிறாள் தாரணி. படத்துக்கு அது சரி. நேற்று ரூஹி போனைத் தட்டுக்கு எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு, அத்தா வந்தால்தான் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்திருந்தாள். நீங்கள் வேலையில் இருந்தீர்கள். சோறு ஆறிப்போனது. அவளுக்கு ஆறு வயது. அதில் உங்களோடு அவள் இருந்தது நூற்று நாற்பது நாள், உட்கார்ந்து எண்ணினேன்.

அல்லாஹ் உங்கள் உடம்புக்குச் சுகத்தையும் மனசுக்குத் தெளிவையும் தரட்டும். பேனாவை எடுக்கும் முன் அந்த விண்ணப்பத்தை ஒரு தடவை பாருங்கள் மச்சான். நான் அழித்த படங்களுக்கு அறுபது நாள் கெடுவாவது இருந்தது. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் இரண்டு வருஷத்தை எந்தத் தாரணியாலும் எனக்கு மீட்டுக் கொடுக்க முடியாது.

துஆவோடு காத்திருக்கும்,
உம்மே ஹானி