மெனு காத்திருக்கும் என்றாய்

இன்று காலை தஞ்சோங் காராங்கிலிருந்து ஓர் அம்மா நம் அச்சுக் கடைக்கு வந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு கல்யாண அழைப்பிதழை எடுத்து மேசையில் வைத்து, "இதே மாதிரி போட்டுக் குடுங்க. பேரும் தேதியும் மட்டும் மாத்துனா போதும்லா" என்றார். உன் மகளின் அழைப்பிதழ். ஓரத்தில் எண்ணெய்க் கறை. யார் வீட்டு அடுப்படியில் இத்தனை நாள் கிடந்ததோ தெரியவில்லை. அவர் பார்க்காதபோது மூக்கருகே கொண்டுபோனேன். மை வாசனை கொஞ்சம் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றியது. கருவாட்டு வாசனையாகவும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் எனக்கு எதுவும் ஓடாது என்பது உனக்குத் தெரியும். பேச ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

கோலசிலாங்கூரில் இந்தக் கடையைத் திறந்தபோதே நாம் வேலையைப் பிரித்துக்கொண்டோம். கம்ப்யூட்டர் உனக்கு, வாய் எனக்கு. தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்தே அப்படித்தானே. நீ உள்ளே உட்கார்ந்து கார்டு போட்டாய். நான் முன்னால் நின்று, பெரியப்பா பெயருக்கு மேலே சித்தப்பா பெயர் ஏறிவிட்டதென்று சண்டைக்கு வருகிறவர்களோடு மல்லுக்கட்டினேன். ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் உன் கை படாத கல்யாணம், காதுகுத்து, தீமிதி நோட்டீஸ் குறைவு. உன் மகள் பாலர் பள்ளிக்குப் போகிற காலத்திலேயே சொல்லிவிட்டாய். "எம் மக கல்யாணக் கார்டு நாந்தான் செய்வேன். எவளும் கை வைக்கக் கூடாது, நீயுந்தான்." எனக்கு அப்போது கம்ப்யூட்டரை அணைக்கக்கூடத் தெரியாது. நான் எங்கே கை வைப்பது?

உன் கை நடுங்க ஆரம்பித்ததை நான் காதால்தான் கண்டுபிடித்தேன். முன்னால் நின்றுகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மவுஸ் சத்தம் விடாமல் கேட்டது. டக், டக், டக். எட்டிப் பார்த்தேன். மேலே உள்ள மெனுவைத் திறக்கிறாய், ஒரு வரிக்கு வருகிறாய், பக்கத்தில் இன்னொரு மெனு விரிகிறது. அதை நீ 'குட்டி' என்பாய். அம்பு அந்த வரியிலேயே நேராகப் போனால்தான் குட்டிக்குள் நுழையலாம். ஒரு மயிரிழை மேலேயோ கீழேயோ சறுக்கினால் குட்டி மறைந்து வேறு ஏதாவது திறந்துகொள்ளும். உன் கை ஒவ்வொரு முறையும் சறுக்கியது. மறுபடி முதலிலிருந்து திறந்தாய். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஓடிவந்து உன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுடி. நீ புடிச்சா ரெண்டு கையும் சேந்துல்ல ஆடுது" என்றாய்.

உண்மைதான். என் கை உன்னுடையதைவிட மோசமாக ஆடியது.

நரம்பு நோய் என்று டாக்டர் ஒரு நீளமான பெயர் சொன்னார். தள்ளிப்போட மாத்திரை உண்டு, நிறுத்த மருந்து இல்லை என்றார். வண்டியில் திரும்பி வரும்போது நான் அழுதேன். நீ ஜன்னல் வழியாகச் செம்பனைகளைப் பார்த்துக்கொண்டே வந்து, "கீபோர்டுல மெனு தெறக்க வழி இருக்குமா?" என்று கேட்டாய். எனக்குக் கோபம்கூட வந்தது. இவள் என்ன பிறவி என்று நினைத்தேன்.

வழி இருந்தது. நீயே துழாவிக் கண்டுபிடித்தாய். ஆல்ட் கீயை ஒருமுறை தட்டினால் மேலே ஒவ்வொரு சொல்லிலும் ஓர் எழுத்துக்கு அடிக்கோடு விழும். அந்த எழுத்தைத் தட்டினால் மெனு திறக்கும். கீழே போகக் கீழ் அம்பு, குட்டிக்குள் நுழைய வலது அம்பு, வெளியே வர இடது அம்பு. கீபோர்டின் வலப்பக்கம் சின்னப் பட்டியல் படம் போட்ட ஒரு கீ இத்தனை வருஷம் சும்மா கிடந்ததே, அது மவுஸின் வலது பட்டன் செய்வதைச் செய்யும் என்று சொல்லி என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாய். எழுத்துகள் நாலைந்தாக விழுந்த தொல்லைக்கும் ஒரு செட்டிங் கிடைத்தது. நடுக்கத்தில் திரும்பத் திரும்ப விழும் தட்டலைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

"மவுஸுன்னா ஓடிக்கிட்டே இருக்கணும்டி. கொஞ்சம் கோடு தாண்டுனா கதவ சாத்திடும். இது அப்படி இல்ல. ஒரு கீ தட்டிட்டு நீ போயி தேத்தண்ணி கலக்கிட்டு வந்தாக்கூட மெனு அப்படியே நிக்கும். காத்திருக்கும்" என்றாய்.

அந்தச் சில மாதங்கள் நீ பழையபடி வேலை செய்தாய். வழியெல்லாம் விரலுக்குப் பாடமாகிவிட்டது. படம் சேர்க்க ஆல்ட், ஐ, பி, எஃப். திரையைப் பார்க்கவே மாட்டாய். கை தவறிவிடக் கூடாதென்று கண் கீபோர்டிலேயே இருக்கும்.

அந்தப் பழக்கம்தான் ஒருநாள் நம்மைப் படுத்தியது. கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டதென்று புஞ்சாக் ஆலாமில் இருக்கும் ரிப்பேர் கடைக்காரரிடம் கொடுத்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு வாங்கி வந்திருந்தோம். காலையில் நீ உட்கார்ந்தாய். ஆல்ட். ஐ. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி. மறுபடி. அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு, "போச்சுடி" என்றாய். "அழுத்துற மாதிரிதான் எனக்குத் தெரியுது. ஆனா அழுத்தல. கை முழுசா போச்சு."

நானும் நம்பிவிட்டேன். என் முகத்தை நீ பார்த்துவிடக் கூடாதென்று திரையின் பக்கம் திரும்பினேன். மேலே எல்லாம் மலாய். இன்சர்ட் இருந்த இடத்தில் சிசிப் என்று இருந்தது. ஐ என்ற எழுத்தில் திறக்க அங்கே எதுவுமே இல்லை.

"ஏய், மலாய்டி. மலாய்ல போட்டுக் குடுத்துருக்காரு" என்றேன்.

நீ நிமிர்ந்து பார்த்தாய். பிறகு கன்னம் நனைகிற அளவுக்குச் சிரித்தாய். "கம்ப்யூட்டருக்கு நீல ஐசி கெடச்சிருச்சுடி" என்றாய். குடியுரிமைக்காரர்களின் நீல அட்டைக்கு நடந்து நடந்து சிவப்பு அட்டையோடேயே செத்துப்போனவர் உன் அப்பா. அதைச் சொல்லிச் சிரிக்க உன்னால்தான் முடியும். மறுநாள் கடைக்காரர் வந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுத்தார்.

உன் மகளுக்கு மாதாகோயிலில் கல்யாண ஓலை வாசித்த வாரம், நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாய். சிலுவைப் படம் ஒன்று, இரண்டு பக்கமும் வெள்ளை ரோஜா. எல்லாம் மனத்தில் எப்போதோ போட்டு வைத்திருந்தாய். ஆல்ட் விழுந்தது. ஐ விழவில்லை. விரல் எழுத்தின் மேல் இருந்தது, இறங்கவில்லை.

நான் முதலில் திரையைத்தான் பார்த்தேன். மலாயாக இருக்கக் கூடாதா என்று பார்த்தேன். எல்லாம் ஆங்கிலமாகவே இருந்தது.

நீ வெகுநேரம் முயன்றாய். நான் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் முடியவில்லை, தொடவும் முடியவில்லை. நல்ல கை இரண்டை வைத்துக்கொண்டு இப்படி உட்கார்ந்திருப்பதைவிட அவை இல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கடைசியில் நீ நாற்காலியைக் கொஞ்சம் தள்ளச் சொன்னாய். "நீ வா. நான் சொல்றேன். சொன்னத மட்டும் தட்டு."

அப்போது உன் பேச்சும் குழறத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்தோ நடந்து வந்தது. ஆல்ட் என்றாய். தட்டினேன். அடுத்தது வரக் காத்திருந்தேன். ஐ என்றாய். தட்டினேன். ரோஜாவைப் பெயருக்குப் பின்னால் தள்ளுவதற்குள் எனக்கு வழி புரிந்துவிட்டது. நீ மூச்சு வாங்குகிறாயே என்று அடுத்த இரண்டு கீயை நானே தட்டிவிட்டேன். ரோஜா சரியாகப் பின்னால் போய் நின்றது.

நீ கண்ணை மூடிக்கொண்டாய். "நான் இன்னும் சொல்லல" என்றாய்.

ரோஜாவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். மெனுவைத் திறந்து, நான் முந்திக்கொண்ட அந்த வரியில் நிறுத்தினேன். மெனு நின்றது. நானும் நின்றேன். சொல் வந்தது. தட்டினேன். அப்படியேதான் அந்தக் கார்டு முழுவதையும் முடித்தோம்.

கல்யாணத்தன்று டேவான் மண்டபத்தில் உன்னைச் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் வைத்திருந்தார்கள். கார்டு அழகாக இருந்ததென்று சொல்ல வந்தவர்களிடமெல்லாம் நீ என் பக்கம் தலையை ஆட்டி, "இவதான் செஞ்சா" என்றாய். அவர்கள் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். இல்லை, இவள்தான் செய்தாள் என்று நான் கத்திச் சொன்னது பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த உனக்காவது கேட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் நீ ஒத்துக்கொண்டிருப்பாயா?

நீ போன பிறகு கார்டெல்லாம் நான்தான் போடுகிறேன். வேறு யாருக்கும் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகாது. மவுஸ் புதிதாக ஒன்று வாங்கினேன், பழகவில்லை. என் விரலுக்குத் தெரிந்த வழி உன் வாய் சொன்ன வழி ஒன்றுதான். எல்லாமே மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு தட்டலாம், ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் ஆல்ட் தட்டியதும் விரல் நின்றுவிடுகிறது. திட்டிப் பார்த்தாயிற்று, கேட்பதில்லை. குட்டி விரிந்து நிற்கிறது, முன்னால் ஆட்கள் அவசரப்படுத்துகிறார்கள். ஒரு சொல் நடந்து வர ஆகும் நேரம் கழிந்த பிறகுதான் அடுத்த எழுத்தை என்னால் அழுத்த முடிகிறது.