ஏரிக்கரைப் பலகையில் நீ இல்லை

அம்மா,

ஏரிக்கரையில் புதுப் பலகை நட்டிருக்கிறார்கள். பச்சைப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. அந்த வாடை என் துணியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிட்டது. கிராமத்தின் வரலாறும் மக்கள்தொகையும் மலாய் மொழியில் இருக்கின்றன. கீழே தமிழுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். பட்டம் படித்தவள் என்று அதை எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.

இயற்கையாக அமைந்த ஏரியாம்! துணி அலசும்போதெல்லாம் நீ சொல்வாயே, "இந்தக் கொளத்து மண்ணு பூரா ஒங்க தாத்தா தலையில ஏறி எறங்குனது" என்று. ரப்பர் ஆலையின் தண்ணீருக்காக நம் ஆட்கள் வெட்டிய குளம் அது. பலகையில் ஆலை இருக்கிறது, துரை இருக்கிறார், பறவைகள்கூட இருக்கின்றன. நமக்கு, "சில தொழிலாளர்களும் வசித்தனர்" என்று ஒரு வரி. பக்கத்தில், ரப்பர்த் தோட்டம் மூடுமுன் எடுத்த மக்கள் கணக்கு.

அந்தக் கணக்கு எடுத்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும், அடையாள அட்டை இல்லாதவர்கள் எல்லாரும் கரைக்கு அந்தப் பக்கம் லாலான் புல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டீர்கள். எண்ண வருபவர்கள் வேறு, பிடிக்க வருபவர்கள் வேறு என்று உங்களுக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்? இதே தோட்டத்தில் பிறந்தவள் நீ. உன் பிறப்பை யாரும் பதியாதது உன் குற்றமா? அப்பா வேலைக்காட்டில் இருந்தார். மலாய் தெரிந்த நான்தான் வாசலில் நின்று மூன்று விரல் காட்டினேன். அப்பா, அண்ணன், நான்.

மழையில் நனைந்து திரும்பிய நீ கேட்டாய்: "எத்தன பேருன்னு சொன்ன பாப்பா?"

"மூணு."

"கெட்டிக்காரி!" என்று கன்னத்தைக் கிள்ளினாய்.

ஆடிக் கூழுக்கு ஆளுக்கொரு பிடி கேழ்வரகு மாவு கொடுப்பது நம் லயத்து வீடுகளின் வழக்கம். அங்கே மட்டும் நீ பயந்ததே இல்லை. கோயில் குண்டானில் நான்கு பிடி போடுவாய். கடைசிப் பிடியை "இது எனக்கு" என்று ஊரே கேட்கப் போடுவாய். அரசாங்கம் உன் பெயரில் கொடுத்த ஒரே தாள் இறப்புப் பத்திரம். அதற்கும் அப்பா லூபோக் சீனா டவுனுக்கும் மலாக்காவுக்கும் எத்தனை தடவை பஸ் ஏறினார்!

நேற்று பலகைக் குழுவின் செயலாளரிடம், தமிழில் எழுதத் தந்திருந்த தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவரும் தமிழர்தான்.

"இருக்கறத அப்படியே தமிழ்ல எழுதிக் குடும்மா. நம்பர்லாம் கவர்மெண்டு கணக்கு லா, தப்பா இருக்காது."

பஸ்ஸில் இறங்க மணி அடிக்கக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள் நான். உனக்குத் தெரியும். ஆனால் நேற்று வாய் திறந்துவிட்டது.

"தப்புதாண்ணே. எங்க வீட்டுக் கணக்கச் சொன்னது நான். பொய் சொன்னேன்."

அவர் சிரித்தார். "ஒரு ஆளுதானேம்மா?"

"அது எங்கம்மாண்ணே."

குளம் வெட்டியவர்களையும் புல்லுக்குள் ஒளிந்தவர்களையும் சேர்த்தால்தான் தமிழில் எழுதித் தருவேன் என்றேன். "மீட்டிங்குல கேக்கறேன்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பலகையில் தமிழுக்கு விட்ட இடம் காலியாகக் கிடக்கிறது. கிடக்கட்டும்.

உன்மேலும் கோபம்தான் அம்மா. அந்தப் பொய்க்கு நீ என்னைத் திட்டியிருக்கலாம். இன்றும் யாராவது கெட்டிக்காரி என்றால் கன்னம் எரிகிறது. லயம் போய்விட்டது, கோயில் மட்டும் நிற்கிறது. ஆடி வந்தால் நம் வீட்டுக்கு நான் நான்கு பிடிதான் போடுகிறேன். கடைசிப் பிடியை ஊரே கேட்கப் போடுகிறேன்: "இது எங்கம்மாவுக்கு."