மாஸ்டர் வீட்டுக் காளைகள்

கோவில்பட்டி
10-2-1958

அன்புள்ள மேரிராணிக்கு,

நான் நலம். நீயும் நம் மூத்த பிள்ளை லூர்துவும் வயிற்றுப் பிள்ளையும் மாதா காவலில் சுகமாக இருக்க வேண்டும். கால் வீக்கம் வடிந்ததா? பிரசவத்துக்கு உன்னை நாகலாபுரத்துக்கு அனுப்பியதிலிருந்து வீடு வீடாக இல்லை. மாமாவுக்கு என் தோத்திரம் சொல்.

மில்லில் ஸ்டிரைக் தொடங்கிவிட்டது. வேலையைவிட்டு நீக்கியவர்களைத் திரும்ப எடுக்கும்வரை யாரும் உள்ளே போவதில்லை என்று சங்கத்தில் முடிவு. எல்லாரும் மில் கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் இருக்கிறோம். கஞ்சி பொதுவில் காய்ச்சுகிறார்கள். மெஷின் பழுது பார்க்கிற பிட்டர் கை பட்டால் கஞ்சியில் ஆயில் வாடை வரும் என்று சங்கச் செயலாளர் அய்யாத்துரை என்னை அடுப்புப் பக்கமே விடுவதில்லை.

கயத்தாற்றில் மாட்டு வண்டிப் பந்தயம் வருகிறதாம். நீ கேட்பாய் என்று நானே எழுதிவிடுகிறேன். அந்தப் பக்கம் நான் தலைவைத்தும் படுக்கவில்லை.

உன் அன்பான,
மிக்கேல்ராஜ்

நாகலாபுரம்
13-2-1958

லூர்து அப்பாவுக்கு மேரிராணி எழுதுவது.

சுகத்தை அப்புறம் சொல்கிறேன். நேற்று கிறிஸ்துராஜ் அண்ணன் பஸ்ஸில் வந்தார். உங்களோடு அதே மில்லில் இருக்கிறவர், பொய் பேசத் தெரியாதவர். தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னார்: "தங்கச்சி, மச்சான் ஸ்பின்னிங் மாஸ்டர் வீட்டுப் பின்வாசல்ல இருந்து காலையில வாறத நானே பாத்தேன். ஒரு நா இல்ல, தெனமும் போறாவளாம். கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாவ. சங்கத்துல பேசுதத அங்கன போயிச் சொல்லுதாவன்னு எல்லாரும் பேசிக்கிடுதாவ."

அப்பா காதிலும் இது விழுந்துவிட்டது. அந்தக் காலத்து ஸ்டிரைக்கில், கூட இருந்தவன் காட்டிக்கொடுத்ததால் வேலையை இழந்தவர் அவர். "கருங்காலிப் பய இந்தப் படி ஏறக் கூடாது. ஏறுனா, நீயும் பிள்ளையும் அவனோடயே போயிரணும்" என்று சொல்லிவிட்டார். சொன்னவர் இன்னும் கஞ்சியைத் தொடவில்லை.

நிர்வாகத்து ஆளான மாஸ்டர் வீட்டில் உங்களுக்கு என்ன வேலை? உள்ளதை எழுதுங்கள்.

மேரிராணி

கோவில்பட்டி
16-2-1958

என் மேரிராணிக்கு,

நான் கருங்காலி இல்லை. பிள்ளைமேல் ஆணை என்று எழுதத்தான் கை போனது. ஆனால் இனிப் பந்தய வண்டி ஏறுவதில்லை என்று பிள்ளை தலையில் அடித்துச் செய்த சத்தியத்தைத்தான் நான் மீறியிருக்கிறேன்.

மாஸ்டரிடம் பந்தயக் காளைகள் ஒரு ஜோடி இருக்கின்றன. ஓட்டுகிறவன் காய்ச்சலில் படுத்ததால், கயத்தாற்றில் நான் ஓட்ட வேண்டும் என்று பொங்கலுக்குப் பிறகு வெற்றிலை கொடுத்தார். ஆட்கள் பார்க்க வாங்கி வாக்குக் கொடுத்துவிட்டேன். புது ஆள் தினமும் விடியலில் தன் கையால் பருத்திக்கொட்டை வைத்துப் பேசிப் பழக வேண்டும். அந்தக் குரல் பழகாவிட்டால் காளை கயிற்றுக்குக் கட்டுப்படாது. அதற்குத்தான் போனேன். பிறகு ஸ்டிரைக் வந்துவிட்டது. வெற்றிலையைத் திருப்பிக் கொடுக்கிற சாரதிக்கு எந்த ஊரிலும் மறுபடி கயிறு கிடைக்காது.

போன வருஷம் பந்தயத்தில் சக்கரத்தில் விழுந்து என் விலா முறிந்தபோது நீ பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. ஆனால் காளை ஓடும்போது கயிற்றில் ஒரு துடிப்பு வரும் மேரி. அதை விட்டுவிட்டு இருக்க எனக்குத் தெரியவில்லை. சங்கத்தில் சொன்னால் உன் காதுக்கு வரும் என்றுதான் மூடி வைத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பந்தயம். நான் என்ன செய்யட்டும்?

மிக்கேல்ராஜ்

நாகலாபுரம்
சாம்பல் புதன், 19-2-1958

லூர்து அப்பாவுக்கு,

கருங்காலி இல்லை என்று படித்ததும் அழுதுவிட்டேன். அதற்குக் கீழே காளை என்று வந்ததும் உங்களை அடிக்கக் கை பரபரத்தது. நல்ல வேளை, நடுவில் இத்தனை மைல் இருக்கிறது.

சத்தியத்தை நானும் மாதாவும் பார்த்துக்கொள்கிறோம். ஓட்டுவதா வேண்டாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் முதலில் கேட் முன்னால், எல்லாரும் இருக்கும்போது, உள்ளதைச் சொல்லுங்கள். விலா முறிந்த ஆளை வைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறேன். யாரும் கைத்தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஆளை வைத்து நடத்த எனக்குத் தெம்பில்லை.

இடுப்பு வலி விட்டு விட்டு வருகிறது. சீக்கிரம் எழுதுங்கள்.

மேரிராணி

கோவில்பட்டி
24-2-1958

என் மேரிக்கு,

நீ சொன்னபடியே சொன்னேன். "ஏலே, மாட்டப் பாக்கத்தான் போனேன்னு மொதல்லயே சொல்லித் தொலச்சா என்னலே?" என்று அய்யாத்துரை திட்டினார். சிலர் சிரித்தார்கள். சிலர் நம்பவில்லை.

அன்றே வெற்றிலையைத் திருப்பிக் கொடுக்க மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். "பந்தயத்த ஓட்டு. மறுநா மில்லு கேட்டுக்குள்ள வேலைக்கு வா. ஒன்னப் பாத்து நாலு பேரு வருவான்" என்றார். வெற்றிலையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

பந்தயத்தைப் பார்க்கவாவது செய்வோம் என்று நேற்று கயத்தாற்றுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. மாஸ்டர் காட்டில் கூலிக்கு உழுகிற வெயிலுமுத்து என் இடத்தில் உட்கார்ந்திருந்தான். நான் பழக்கிய காளைகள் எல்லா வண்டிக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தன. அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் என்னை மறந்து, "ஹேய், ராசா!" என்று கத்திவிட்டேன். தினமும் தீனி வைக்கும்போது கூப்பிடுகிற சத்தம். காளைகள் இரண்டும் சாலையை விட்டு என்னைப் பார்த்துத் திரும்பின. மைல்கல்லில் சக்கரம் ஏறி வண்டி கவிழ்ந்தது. வெயிலுமுத்துவுக்குக் கால் முறிந்துவிட்டது.

"மாஸ்டர் வண்டியக் கவுத்துட்டாம்லே நம்ம ஆளு!" என்று நம் சங்கத்து ஆட்கள் என்னைத் தூக்கிக்கொண்டார்கள். எங்கிருந்தோ மாலை வந்தது. நேற்றுவரை நம்பாதவர்களும் கையைப் பிடிக்கிறார்கள். தெரியாமல் நடந்தது என்று சொல்லாமல் மாலைக்குக் கழுத்தை நீட்டிவிட்டேன். தூக்கிவைத்த உயரத்திலிருந்து வெயிலுமுத்துவின் பெண்சாதி வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது.

உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

மிக்கேல்ராஜ்

நாகலாபுரம்
28-2-1958

லூர்து அப்பாவுக்கு,

புதன்கிழமை நமக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறான். இருவரும் சுகம். உங்களைப் போலவே பெரிய சத்தம்.

மாஸ்டர் வண்டியைக் கவிழ்த்த மருமகன் என்று அப்பா தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். எப்போது வருவீர்கள் என்று பஸ் பஸ்ஸாகப் பார்க்கிறார். உள்ளதை நான் சொல்லவில்லை. அது உங்கள் வாயால் வர வேண்டியது.

அதனால் இப்போது இங்கே வராதீர்கள். முதலில் வெயிலுமுத்து வீட்டுக்குப் போங்கள். அவரிடமும் அவர் பெண்சாதியிடமும் நடந்ததைச் சொல்லுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கால் ஊன்றும்வரை அந்த வீட்டுக்கு விறகும் தண்ணீரும் உங்கள் தோளில் போகட்டும். பிறகு சங்கத்திலும் சொல்லுங்கள். மாலை போட்டவர்கள் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அப்பா மறுபடி முகத்தைத் திருப்பினால், நான் பிள்ளைகளோடு கோவில்பட்டிக்கு வந்துவிடுகிறேன்.

இரண்டு இடத்திலும் சொல்லிவிட்டு நீங்கள் வரும்வரை ஞானஸ்நானம் கொடுக்க நான் விடமாட்டேன். பச்சைப் பிள்ளையை இப்படிக் காக்க வைக்கலாமா என்று சாமியார் கோபிக்கிறார். ஞானஸ்நானம் இல்லாமல் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் வெயிலுமுத்து வீட்டுக்குப் புறப்படுங்கள்.

மேரிராணி