மைக்கில் விழாத விசில்

ஜூன் 3

பள்ளி ஆண்டு விழா வீடியோவைக் கொடுத்து முடித்தேன். மூன்று மணி நேரப் படம். ஒரு அப்பா போன் செய்து, தன் பிள்ளை மரமாக நின்ற காட்சி நாற்பது விநாடிதான் வருகிறது என்று சண்டை பிடித்தார். மரம் அதற்கு மேல் என்ன செய்யும் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

மாலையில் அக்கா பேசினாள். காற்றாலை அலுவலகத்துக்குப் புகார் கொடுக்கப் போனாளாம். அவள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற ஏழாம் நம்பர் காற்றாடி இரண்டு மாதமாக விசில் அடிக்கிறது. அத்தான் நடுராத்திரியில் பால் வண்டி எடுத்துக்கொண்டு போய், பத்து மணிக்குத் திரும்பி வந்து படுப்பவர். காற்று கிளம்புவதும் அந்த நேரத்துக்குத்தான். "மனுஷன் கண்ணை மூடினா அது கூப்பிடுதுடா" என்றாள். புகாரை வாங்கிக்கொண்ட மேனேஜர் மேடம், காற்றாலையை வைத்து அழகாக ஒரு சின்னப் படம் எடுக்க ஆள் தேடுவதாகப் பேச்சுவாக்கில் சொன்னாராம். "என் தம்பி எடுப்பான்னு சொல்லிட்டேன்." குறை சொல்லப் போன இடத்தில் தம்பிக்கு வேலை பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்!

ஜூன் 9

மேடத்தைப் பார்த்தேன். "பேட்டி வேண்டாம், பேச்சே வேண்டாம். மூணு நிமிஷம். பாக்குறவங்க மூச்சை இழுத்து மெதுவா விடணும். அவ்வளவுதான்" என்றார். பதினான்கு வருடமாக யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று காத்துக் கிடந்தவன் நான். படம் பிடித்திருந்தால் இன்னும் ஐந்து படங்கள் தருவாராம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 14, அக்கா வீட்டில்

இன்றைக்கு மாதிரி ஒரு நாள் எனக்கு வாய்த்ததே இல்லை. ஆறு மணிக்குப் பனி. இருபத்திரண்டு காற்றாடிகளும் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் நின்றன. வெயில் ஏறியதும் இறக்கைகளின் நிழல் புல் மேல் நடந்து வந்து, அக்கா வீட்டுச் சுவரில் ஏறி, கூரையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிப் போனது. அக்கா வாசலுக்கு வந்து கண்ணை மூடி முகத்தை உயர்த்தினாள். தும்மல் வந்ததாம். தும்முவதற்கு முந்தைய ஐந்து விநாடி தெய்வீகமாக இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொள்வேன்.

பத்து மணிக்குக் காற்று வந்தது. ஹெட்போனை மாட்டினேன். விசில். நான்கு விநாடிக்கு ஒரு முறை, ஏழாம் நம்பரின் ஒரே ஒரு இறக்கை கீழே இறங்கும்போதெல்லாம். நல்ல ஷாட் எல்லாம் பாழ். உள்ளே அத்தான் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு புரண்டுகொண்டிருந்தார். எனக்கு வந்த எரிச்சல் அவருக்காக வந்ததல்ல.

அங்கே ஒரு டெக்னீஷியன் இருக்கிறார். கயிறு கட்டி இறக்கையில் தொங்கி வேலை செய்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'கயிறு'. அவரிடம் கேட்டேன். "இறக்கை ஓரம் பேந்து போச்சு சார். அந்த இடுக்குல காத்து ஊதுது. மூணு தரம் எழுதிக் குடுத்தாச்சு. காத்து சீசன் முடியட்டும், இப்ப நிறுத்த முடியாதுங்கிறாங்க."

"ஒரு பத்து நிமிஷம் நிறுத்தித் தருவீங்களா? எனக்கு சுத்தமா சவுண்டு வேணும்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க அக்கா ரெண்டு மாசமா கேக்குறாங்க சார், அவங்களுக்கே நிறுத்தல" என்றார்.

ஜூன் 16

அக்கா வீட்டில் மூன்று நாள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். பெட்டி நிறையக் காட்சிகள்.

ஜூன் 22

படம் வெட்டி முடிந்தது. ஒலிதான் தகராறு. அந்த விசிலின் சுருதியை மட்டும் தேடிப் பிடித்து அறுத்து எடுத்தேன். அது போனதும் காற்றும் செத்துவிட்டது, தகர டப்பாவுக்குள் ஊதுகிற மாதிரி. அதனால் குளியலறையில் மேஜை விசிறியை வைத்து, அதன் முன்னால் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தேன். நான்காவது தடவை அருமையாக வந்தது. படத்துக்கு அடியில் போட்டுப் பார்த்தேன். எனக்கே புல்லரித்தது.

கடைசியில் ஒரு எழுத்து அட்டை சேர்த்தேன்: "இப்படத்தில் நீங்கள் கேட்டது அந்த இடத்தின் காற்றை மட்டுமே." யாரும் கேட்கவில்லை. மேடமும் கேட்கவில்லை. பெரிய கலைஞர்கள் படத்தில் அப்படி ஏதாவது இருக்கும், நம் படத்திலும் இருக்கட்டுமே என்று ஒரு ஆசை.

ஜூலை 5

அரங்கத்தில் திரையிட்டார்கள். காற்றாலை ஆட்கள், சுற்றி இருக்கும் வீட்டுக்காரர்கள், நூறு பேர் இருக்கலாம். மூன்று நிமிடமும் ஒரு இருமல் இல்லை. முடிந்ததும் கைதட்டல். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் காத்து சத்தம் இருக்கே சார், அதுலயே படுத்துத் தூங்கிடலாம்" என்றார். என் குளியலறையில் போய்ப் படுங்கள் என்று சொல்லத் தோன்றி, சிரித்து வைத்தேன்.

அக்கா அவளுடைய நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்திலிருப்பவர்களிடம் எல்லாம், "அது எங்க வீட்டு வாசல்தான், அது நான்தான்" என்று சொல்லி முடித்துவிட்டு என்னிடம் வந்தாள். மேடம் என் தோள் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"எல்லாம் நல்லா இருக்குடா. அந்த விசில் எங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். மேடம் திரும்பிப் பார்த்தார். எனக்கு முன்னால் ஐந்து படங்கள் வரிசையாக நின்றன.

"மைக்ல விழலக்கா" என்றேன்.

"விழலையா?"

"அவ்வளவு நல்ல மைக். இருந்தா விழுந்திருக்கும்."

இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு என்ன அவசியம்? முதல் பொய்யோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

ஜூலை 6

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள். எழுதி வைத்துக்கொள்கிறேன். நாளைக்கு அக்காவிடம் சொல்லிவிடுவேன்.

ஜூலை 7

சொல்லவில்லை.

ஜூலை 19

புகாரை விசாரிக்க ஒரு அதிகாரி அக்கா வீட்டுக்கு வந்தாராம். பார்த்து வந்தது போல, காற்றே இல்லாத நாள். ஏழாம் நம்பர் சாதுவாக நின்றிருக்கிறது. மேடம் தன் போனில் என் படத்தைப் போட்டு, கடைசி அட்டையை நிறுத்திக் காட்டியிருக்கிறார். "இவங்க சொந்தத் தம்பி எடுத்தது சார். சத்தத்தைக்கூட மாத்தல, எழுதியே போட்டிருக்காரு."

இதையெல்லாம் அக்காவே போனில் எனக்குச் சொல்கிறாள். அதிகாரி அவளைப் பார்த்தாராம். அவள், "தம்பி பொய் சொல்ல மாட்டான் சார், மைக்ல விழலன்னுதான் என்கிட்டயும் சொன்னான்" என்று சொல்லி, புகாரைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

"உன் பேரு கெடக் கூடாதில்லடா. நாங்க ஒண்ணு சொல்லி, உன் படம் ஒண்ணு சொல்லிச்சுன்னா நல்லாவா இருக்கும்?"

"சரிக்கா" என்றேன். சரியாம்!

ஜூலை 27

மேடம் அடுத்த படத்துக்கு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். திறந்து பார்த்தேன், மூடி வைத்தேன். வேண்டாம் என்று எழுதவும் இல்லை.

ஆகஸ்ட் 2

அக்காவைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவளேதான் கூப்பிட்டாள். "மைக்குக்கே கேக்காதது எனக்குக் கேக்குதுன்னா காதுல ஏதோ கோளாறுதானே? உங்க அத்தானும் கேக்குதுங்கிறாரு. நான் சொல்லிச் சொல்லி அவருக்கும் தொத்திக்கிச்சோ என்னமோ." அத்தான் இப்போது தூக்க மாத்திரை போடுகிறாராம்.

கண்ணாடி அறைக்குள் அவளை உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். பரீட்சைக்குப் போன பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டாள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. வெளியே வந்த டாக்டர், இந்த வயதில் இப்படி ஒரு காதைத் தான் பார்த்ததில்லை என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாவது கவலையா?" என்று கேட்டார்.

திரும்பும்போது வண்டியில், "காதுல இல்லன்னா மண்டையிலதான்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பதை இங்கே எழுத வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அதைப் பரிமாறவும் செய்கிறேன். ச்சீ, என்ன ஜென்மம் நான்?

ஆகஸ்ட் 3

அக்காவுக்கு ஒரு செய்தி தட்டச்சு செய்தேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். "அக்கா, ஒரு விஷயம்" என்பதைத் தாண்டவில்லை. கடைசியில், டாக்டர் சொன்ன வைட்டமின் மாத்திரை வாங்கினாயா என்று கேட்டு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 11

அத்தான் வண்டி பால் பண்ணைக் கேட்டில் மோதிவிட்டது. கண் அசந்துவிட்டாராம். நெற்றியில் மூன்று தையல். கேட்டுக்கு அந்தப் பக்கம் கேன் கழுவுகிற இரண்டு பெண்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். கேட் உடையாமல் நின்றது. அதனால் அவர்களும் இருக்கிறார்கள்.

மருத்துவமனையில் அத்தான் என்னைப் பார்த்து, "வா மாப்ளே, கேமரா எடுத்துட்டு வரலியா? நல்ல சீன் போச்சே" என்றார். அக்கா அவரைத் திட்டினாள். இரவு முழுக்க மாத்திரை மயக்கம், பகல் முழுக்கப் புரளல், வண்டி எப்படி ஓடும் என்று கேட்டாள். "நான்தான் பைத்தியக்காரி, இல்லாத சத்தத்தைச் சொல்லி உங்க தூக்கத்தையும் கெடுத்தேன்" என்று சொல்லி அழுதாள்.

நான் தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே வந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்தேன். இதற்கு மேல் ஒரு நாள் தள்ளினால் நான் மனுஷனே இல்லை.

ஆகஸ்ட் 12

அக்கா வீடு. பதினொரு மணி. அவள் தையல் மெஷினில் பள்ளி யூனிபார்முக்குப் பட்டன் துளை போட்டுக்கொண்டிருந்தாள். லேப்டாப்பை மெஷின் பலகையிலேயே வைத்து, ஹெட்போனை அவள் காதில் மாட்டினேன். ஜூன் பதினான்கின் அசல் பதிவு. எதையும் தொடாதது.

முதல் விசில் வந்ததும் கையைத் தூக்கினாள், டாக்டர் அறையில் பொத்தானை அழுத்தியது மாதிரி. அடுத்ததற்கும் தூக்கினாள். பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். "அவருக்கும் ஒண்ணும் இல்ல." சந்தோஷம்தான் முதலில் வந்தது அவளுக்கு. முதலிலேயே கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். நான் வாய் திறப்பதற்குள், "மைக்ல விழுந்திருக்கே! இப்பதான் கண்டுபிடிச்சியா?" என்று கேட்டாள்.

அவளே ஒரு வழி திறந்து கொடுத்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றோடு முடிந்துவிடும்.

"இல்லக்கா. அன்னைக்கே கேட்டேன். நான்தான் எடுத்துட்டேன். அந்தப் படத்துல இருக்கறது காத்தே இல்ல, எங்க வீட்டு விசிறி."

"அந்த மேனேஜரம்மா சொன்னாங்களா எடுக்கச் சொல்லி?"

"யாரும் சொல்லல."

ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேஜை மேல் வைத்தாள். "டாக்டர்கிட்ட போனப்ப வெளியதானே உக்காந்திருந்த?"

"ஆமா."

பட்டன் துளை போடுவதைத் தொடர்ந்தாள். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினேன். வாசல் வரை வரவில்லை.

ஆகஸ்ட் 13

அதிகாரிக்கு நேரில் எழுதிக் கொடுத்தேன். அசல் பதிவு, படம், விசிறி, விரிப்பு, அட்டை, எல்லாம். "குளியலறையில்" என்ற வார்த்தையை எழுதும்போது கை கூசியது. அவர் படித்துவிட்டு, "விசிறின்னு நீங்க சொல்லலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றார்.

ஆகஸ்ட் 20

மேடம் கூப்பிட்டுக் கத்தினார். "அந்த அட்டையைப் போடச் சொன்னது நாங்களா?" அதில் அவர் சொல்வது நியாயம். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தமும் போயிற்று. பரவாயில்லை. ஆனால் பனிக்குள் நின்ற அந்த முதல் ஷாட் போனதில் இன்னும் வலி இருக்கிறது. இந்த லட்சணத்திலும் ஷாட்!

செப்டம்பர் 1

கயிறு போன் செய்தார். ஏழாம் நம்பரை நிறுத்திவிட்டார்களாம். பேர்ந்த ஓரத்தைச் சரிசெய்ய நாளை அவர்தான் தொங்கப் போகிறார். "படம் எடுக்க வரீங்களா சார்?" என்றார். கிண்டலா, நிஜமா தெரியவில்லை. போகவில்லை.

செப்டம்பர் 24

ஆறு வாரம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். நல்ல காற்று. ஏழாம் நம்பர் சுற்றுகிறது. இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும் உஷ், உஷ் மட்டும். வேறெதுவும் இல்லை. அத்தான் உள்ளே குறட்டை விட்டுத் தூங்கினார். அக்கா "வா" என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். அத்தான் வண்டியை மறுபடி எடுத்துவிட்டதைச் சொன்னாள், தைக்கக் கொடுத்தவர்கள் இழுத்தடிப்பதைச் சொன்னாள். முகத்தில் கோபம் இல்லை. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

ஜன்னல் ஓரம் இருந்தவன் நான். "தூறல் போடுதுக்கா, கொடியில துணி கிடக்கு" என்றேன்.

அக்கா எழுந்தாள். கூடையை எடுக்கவில்லை. வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்தாள். உள்ளங்கையில் விழுந்த துளியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

என்னை நோகடிக்க அப்படிச் செய்யவில்லை. செய்ததை அவள் கவனித்திருக்கவும் மாட்டாள். நானும் எழுந்து போய், கொடியின் மறுமுனையிலிருந்து துணிகளை எடுக்கத் தொடங்கினேன்.